மைக் அணையாத மதியம்

பேருந்து நிலையத்தில் அவள் முகத்தைத் தெரிந்தவர்கள் குறைவு. குரலைத் தெரியாதவர்கள் அதைவிடக் குறைவு. நடைமேடைகளுக்கு மேலே, இரும்புப் படிக்கட்டு ஏறிப் போனால் வரும் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று காலையிலிருந்து மாலைவரை சொல்லிக்கொண்டிருப்பவள் அவள். ஓட்டுநர்களும் நடத்துநர்களும் வைத்த பெயர் மைக்கம்மா. கடையில் நின்று தக்காளி விலை கேட்டால்கூட யாராவது திரும்பிப் பார்த்து, "நீங்க பஸ் ஸ்டாண்டுல பேசுறவங்கதானே?" என்பார்கள். அதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். ஒரு வழித்தடத்தின் ஊர்ப் பெயர்கள் அத்தனையையும் ஒரே மூச்சில், எங்கும் இடறாமல் சொல்லி முடிப்பாள்.

அந்த மூச்சுதான் போன வருடம் அவள் மானத்தை வாங்கியது.

நாத்தனாரின் பேரனுக்குப் பிறந்தநாள். நாத்தனார் என்றால் கணவருக்கு மூத்த அக்கா. குடும்பத்தில் எந்தக் காரியமும் அவள் வாயைத் தாண்டி நடக்காது. கூடம் முழுக்கச் சொந்தபந்தம். மைக்கம்மா சமையலறையிலிருந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். அவ்வளவுதான். யாரோ விசையைத் தட்டிவிட்டதுபோல நெஞ்சு ஓட ஆரம்பித்தது. படபடப்பு என்று அதைச் சொல்லிவிட முடியாது. படபடப்பு அவளுக்குத் தெரியும். பரீட்சைக்கு முன்னால் வந்திருக்கிறது, பெண் பார்க்க வந்தபோது வந்திருக்கிறது. இது வேறு. கழுத்தின் இரண்டு பக்கமும் தவளை குதிப்பதுபோல அடித்தது. இழுத்த மூச்சு பாதியிலேயே நின்றது. விரல்கள் மரத்துப் போயின. குடத்தை அப்படியே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, "எனக்கு என்னவோ பண்ணுது, நான் போயிடுவேன்போல இருக்கு" என்றாள்.

அதன்பிறகு நடந்தது எல்லாம் ஊர் பார்க்க நடந்தது. ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு தெருவுக்குள் வந்தது. மாடிகளில் எல்லாம் தலைகள். பிறந்தநாள் பிள்ளை பயந்து அழுதான். மெழுகுவத்தி ஏற்றாத கேக் மேசையில் கிடந்தது. ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தபோது அவள் புடவை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. இழுத்துவிடக் கை வரவில்லை. நாத்தனாரின் சம்பந்தி வீட்டார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது நெஞ்சும் நின்றது. அதாவது, ஓட்டம் நின்றது. தட்டிவிட்ட விசையை யாரோ அணைத்ததுபோல, ஒரு நொடியில். ஒட்டவைத்த கம்பிகளோடு இசிஜி எடுத்துப் பார்த்த இளம் டாக்டர் தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா. டென்ஷன். நல்லாத் தூங்குங்க, சரியாயிடும்" என்றார்.

மறுபடி அந்த வீட்டுக்குத்தான் போகவேண்டியிருந்தது. கைப்பை, செருப்பு எல்லாம் அங்கே. ஆட்டோவிலிருந்து இறங்கி உள்ளே நுழைந்தபோது எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாத்தனார்தான் முதலில் பேசினாள். "வந்தாச்சா? போன வேகத்துல எமனே பயந்து திருப்பி அனுப்பிட்டானா?" கூடம் சிரித்தது. அந்தச் சிரிப்பின் ருசியில் நாத்தனார் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, கண்களை மேலே சொருகி, "நான் போறேன், நான் போறேன்" என்று சுவரில் சரிந்து காட்டினாள். பார்த்தவர்களுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மோட்டார் காயில் கட்டுகிற, கொஞ்சமாகவே பேசுகிற, எதற்கும் லேசில் சிரிக்காத அவள் கணவரும் சிரித்தார்.

அன்றிலிருந்து குடும்பத்தில் அவள் பெயர் ஆம்புலன்ஸ். கல்யாண வீடோ துக்க வீடோ, அவள் தும்மினால் போதும். "ஏய், வழி விடுங்க, சைரன் கேக்குது" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிக்கக் கற்றுக்கொண்டாள். சிரிக்காவிட்டால் ரோஷக்காரி என்று அது வேறு வரும்.

ஆனால் அது போகவில்லை. மாதம் ஒருமுறை வந்தது. பிறகு வாரம் ஒருமுறை. குனிந்து நிமிரும்போது வரும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வரும். வந்த மாதிரியே சட்டென்று போகும். போனபின் சிறுநீர் முட்டிக்கொண்டு வரும்; கை கால் துவண்டு கிடக்கும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு, நிற்கும்வரை சுவரைப் பிடித்து நிற்பாள். வெளியே வரும்போது முகத்தைத் துடைத்துச் சிரித்துக்கொண்டு வருவாள். களவு செய்கிறவளுக்குக்கூட இவ்வளவு முன்ஜாக்கிரதை இருக்காது.

வேலைக்குப் போகும் இரும்புப் படிக்கட்டின் பாதியில் மூச்சு வாங்கினால் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வாள். "ம்... ம்... சரி... அப்புறம்?" என்று யாருமே இல்லாத மறுமுனையிடம் பேசுவாள். கீழே போகிறவர்கள் பார்த்தால், பாவம், வீட்டுப் பேச்சு என்று நினைத்துக்கொள்வார்கள். டாக்டரிடம் போகலாம் என்று எண்ணம் வராமலில்லை. ஆனால் போனால் மறுபடியும் கம்பி ஒட்டுவார்கள், மறுபடியும் தாளைப் பார்ப்பார்கள், மறுபடியும் ஒன்றுமில்லை என்பார்கள். ஒருமுறை ஒன்றுமில்லை என்று கேட்டதற்கே இந்தப் பாடு. இன்னொருமுறை கேட்டால் அந்தக் குடும்பத்தில் அவள் எந்த முகத்தோடு உட்காருவது?

கணவர் ஒருமுறை கண்டுபிடித்தார். சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தபோது நிமிர்ந்து பார்த்தவர், "உன் கழுத்து ஏன் இப்படித் துடிக்குது?" என்றார்.

"வேகமா நடந்து வந்தேன்."

"வந்து ரொம்ப நேரமாச்சே."

இப்போது சொல்லிவிடலாம் என்று அவளுக்கு வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு, கோபமில்லாமல், கெஞ்சுகிற மாதிரியே சொன்னார்: "மறுபடியும் ஆரம்பிச்சிடாதே. அக்கா வாயில விழ என்னால ஆகாது."

அவள் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். அவரைச் சொல்லியும் குற்றமில்லை என்று தோன்றியது. தன்னால் அவருக்கும் தலைகுனிவு. அதையும் சேர்த்துச் சுமந்துகொண்டாள்.

விடுமுறை தொடங்கிய நாள் அது. நிலையத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். மதியச் சாப்பாட்டைப் பிரிக்கக்கூட நேரமில்லாமல் அறிவிப்புக்கு மேல் அறிவிப்பு. இரண்டாம் நடைமேடையிலிருந்து கிளம்பவேண்டிய வண்டி ஐந்தாம் நடைமேடைக்கு மாற்றப்பட்டிருந்தது. அவள் பொத்தானை அழுத்தி, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தாள்.

கவனத்திற்கு என்ற சொல்லிலேயே விசை தட்டப்பட்டுவிட்டது.

வழக்கமாக அவள் பேச்சை முடித்து, பொத்தானை அணைத்துவிட்டுத்தான் அதைச் சமாளிப்பாள். அன்றும் முடித்துவிடலாம் என்று நினைத்தாள். "இரண்டாம்... நடைமேடையிலிருந்து..." மூச்சு அறுந்தது. இழுத்தாள். "புறப்பட வேண்டிய..." மறுபடி அறுந்தது. கீழே பைகளோடு ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். இந்தமுறை அது போகவில்லை. நெஞ்சின் மேல் யாரோ முழங்காலை ஊன்றியதுபோல அழுத்தியது. கண்ணாடிக்கு வெளியே இருந்த வெயில் ஓரங்களிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. நாற்காலியின் கையைப் பிடிக்கப் போனவள் பிடி தவறி மேசையின் மேல் சரிந்தாள். மைக் அவள் வாய்க்கு அருகிலேயே கிடந்தது. பொத்தான் அழுந்தியபடியே இருந்தது.

அடுத்த அறையிலிருந்து டைம்கீப்பர் ஓடிவந்தார். வண்டி வரும் நேரமும் போகும் நேரமும் குறிக்கிறவர். பத்து நிமிடத் தாமதத்துக்கு நடத்துநர்களை உலுக்கி எடுக்கிறவர். அவளைப் பார்த்ததும் அவருக்கே வாய் குழறியது. "என்னம்மா ஆச்சு? என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல சார். நின்னுடும்."

"என்ன ஒண்ணுமில்ல? உதடு எல்லாம் வெளுத்துக் கெடக்கு. இருங்க, ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன்."

"வேண்டாம் சார்." அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும், ஆம்புலன்ஸ் மட்டும் கூப்பிடாதீங்க. எங்க நாத்தனார் சிரிப்பாங்க. எங்க வீட்டுக்காரரும் சிரிப்பாரு. இப்படியே உட்கார்ந்திருந்தா போயிடும். ஒரு வருஷமா எனக்கு இப்படித்தான் வருது, நான் யாருக்கும் சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்க."

யாருக்கும் சொல்லாதீர்கள் என்று அவள் சொன்னதை ஆறு நடைமேடைகளும் டிக்கெட் கவுன்ட்டர்களும் பெண்கள் ஓய்வறையும் சைக்கிள் நிறுத்தமும் கேட்டன.

டைம்கீப்பருக்கு அது உறைத்து, பாய்ந்து பொத்தானை அணைத்தபோது, கீழே அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. அப்போது இரும்புப் படிகளில் தடதடவென்று யாரோ ஏறி வந்தார்கள். ஊருக்குப் போக ஐந்தாம் நடைமேடையில் நின்றிருந்த ஒரு நர்ஸ். பெட்டியைப் போட்டது போட்டபடி வந்திருந்தாள். மைக்கம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள், பிறகு கழுத்தில் விரல் வைத்தாள், உதட்டைப் பிதுக்கினாள்.

"எண்ணவே முடியல. நெஞ்சு வலிக்குதா?"

"அழுத்துது."

"மயக்கம் வர்ற மாதிரி இருக்கா?"

ஆமாம் என்று தலையை அசைத்தாள்.

"இனி உட்கார்ந்து பாக்கிற கதையே இல்ல," என்று நர்ஸ் டைம்கீப்பரிடம் திரும்பினாள். "கூப்பிடுங்க சார். சிரிக்கிறவங்க சிரிச்சுட்டுப் போகட்டும்."

ஆம்புலன்ஸ் நடைமேடைவரை வரவேண்டும் என்பதற்காக நின்றிருந்த பேருந்துகள் ஒவ்வொன்றாகப் பின்னால் எடுக்கப்பட்டன. அவளை நாற்காலியோடு தூக்கி அந்தக் குறுகலான படிகளில் இறக்கினார்கள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து நின்றது. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் தாங்கமுடியாமல் இருந்தது. சிரித்திருந்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியும். பார்த்துப் பார்த்துப் பரிதாபப்பட்ட அந்த முகங்களை என்ன செய்வது? முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவள் வேண்டிக்கொண்டது விசித்திரமானது. நின்றுவிடாதே, நின்றுவிடாதே, அவர்கள் பார்க்கும்வரை நின்றுவிடாதே. செத்தாலும் பரவாயில்லை, பொய்க்காரி என்று மட்டும் திரும்பி வரக்கூடாது.

நிற்கவில்லை. கம்பி ஒட்டியதும் இயந்திரம் தாளைத் துப்பியது. கோடுகள் சீப்பின் பற்கள்போல நெருக்கமாக விழுந்திருந்தன. பெண் டாக்டர் அதைக் கையில் எடுத்து, "மாட்டிக்கிச்சு" என்றார், திருடனைப் பிடித்தவர்போல. மூச்சை அடக்கி முக்கச் சொன்னார்கள்; அதற்கு ஓட்டம் அடங்கவில்லை. பிறகு கையில் ஊசி போட்டார்கள். "சில நொடி ரொம்ப மோசமா இருக்கும். பயப்படாதீங்க, நாங்க கூடவே இருக்கோம்." கிணற்றுக்குள் தலைகீழாக விழுவதுபோல இருந்தது. அடுத்து, அமைதி. அடித்துப் பெய்த மழை வெறித்ததுபோல. அவள் நெஞ்சு தன்பாட்டுக்கு, ஒன்று, ஒன்று, ஒன்று என்று நடந்துகொண்டிருந்தது.

கணவர் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார். விரல்களில் வார்னிஷ் கறை. கட்டிலுக்கு இரண்டடி தள்ளியே நின்றார்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "உங்க இதயத்துல கரண்ட் போற வழின்னு ஒண்ணு இருக்கு. உங்களுக்குக் கூடுதலா ஒரு குறுக்குவழி இருக்குது. சில நேரம் கரண்ட் அதுல புகுந்து சுத்திச் சுத்தி ஓடுது. அதான் திடீர்னு வருது, திடீர்னு நிக்குது. மருந்து இருக்கு. வேணும்னா தொடை வழியா ஒரு குழாயை விட்டு அந்தக் குறுக்குவழியையே அடைச்சிடலாம். பயப்பட ஒண்ணுமில்ல. முன்னாடி எங்கயாவது காட்டினீங்களா?"

"ஒருமுறை. இசிஜி நல்லாத்தான் இருந்துச்சு. டென்ஷன்னு சொன்னாங்க."

"எடுத்தப்போ ஓடிட்டிருந்துச்சா, நின்னுடுச்சா?"

"வாசலுக்கு வந்ததும் நின்னுடுச்சு."

"நின்ன பிறகு எடுத்தா எப்படித் தெரியும்? மறுபடி வந்தா உடனே வாங்கன்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லலையா?"

அன்று யாரும் அப்படிச் சொல்லவில்லை. மைக்கம்மா மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாக அடிவயிற்றில் கிடந்த கேள்வி தானாக வெளியே வந்தது. "அப்போ நான் நடிக்கலையா டாக்டர்?"

டாக்டர் புரியாமல் அவளைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். கணவர் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"நடிச்சு இந்த வேகத்தை யாராலயும் கொண்டுவர முடியாதும்மா," என்றார் டாக்டர். "கேளுங்க. படபடப்பு எல்லாருக்கும் வரும், போகும். அடிக்கடி வந்துட்டிருந்தா வசதியான ஒரு நாள் பார்த்துக் காட்டினா போதும். ஆனா வந்தது சில நிமிஷத்துல அடங்கலைன்னா, நெஞ்சு வலிச்சா, மயக்கம் வந்தா, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினா, அப்போ நாள் பாக்கக்கூடாது. உடனே வரணும். வந்து பாத்து ஒண்ணுமில்லன்னு நாங்க சொன்னா, அது நல்ல செய்தி. அதுக்கு யாரும் வெட்கப்படக்கூடாது. இன்னைக்கு எவ்வளவு நேரம் பொறுத்துக்கிட்டீங்க?"

"இன்னைக்குப் பொறுக்கல. மைக் காட்டிக்கொடுத்துடுச்சு."

டாக்டர் போனபின் கணவர் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். விரலில் இருந்த வார்னிஷ் கறையைச் சுரண்டினார். "அன்னைக்குச் சாப்பிடுறப்போ கேட்டேன்ல, கழுத்து ஏன் துடிக்குதுன்னு," என்றார். அதற்குமேல் அவரால் போகமுடியவில்லை. அவள் அவரைத் தேற்றவில்லை. தேற்றவேண்டும் என்று கை எழுந்தது. ஆனால் அன்று கூடத்தில் சிரித்த முகம் நினைவுக்கு வந்து கையைப் போர்வைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஒரு புதிய தலைகுனிவு வந்து சேர்ந்தது. கீழே நின்ற யாரோ ஒருவர் ஒலிபெருக்கியில் வந்த பேச்சைச் செல்போனில் பதிவு செய்திருந்தார். அது கைமாறிக் கைமாறி, டைம்கீப்பரின் போனுக்கு வந்து, குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்துவிட்டது. "எங்க நாத்தனார் சிரிப்பாங்க." தன் குரலைத் தானே கேட்டபோது அவளுக்குக் காதுமடல் எரிந்தது. எவ்வளவு சின்னப் பிள்ளைத்தனமான குரல். சாகப்போகிறவள் பேசுகிற பேச்சா அது? நாத்தனாரை ஊர் முன்னால் வைத்து இழுத்துவிட்டோமே என்ற பயம் அதற்குமேல். எப்போதும் நிமிடத்துக்கு நிமிடம் கலகலத்துக்கொண்டிருக்கும் குடும்பக் குழுவில் அதற்குக் கீழே ஒருவரும் எதுவும் எழுதவில்லை.

பார்வையாளர் நேரத்தில் நாத்தனார் வந்தாள்.

தனியாக வந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பேசவில்லை. போச்சு, கோபத்தில் வாயடைத்து நிற்கிறாள் என்று மைக்கம்மா பதறி எழுந்து உட்கார்ந்தாள். "உள்ள வாங்க அண்ணி. நான் வேணும்னு சொல்லல அண்ணி. மைக் ஓடிட்டிருந்தது எனக்குத் தெரியாது. உங்க பேரைக் கெடுக்கணும்னு..."

நாத்தனார் கையை உயர்த்தி, இரு என்றாள். மெல்ல வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பழப்பையைக் கீழே வைத்தாள். அப்புறமும் பேசவில்லை.

"லிஃப்ட்... வேலை... செய்யல," என்றாள் கடைசியில்.

மைக்கம்மா அந்த மூன்று சொற்களையும் கேட்டாள். சொல்லுக்குச் சொல் நடுவில் விழுந்த இடைவெளியைக் கேட்டாள். காலம் முழுக்கத் தன் மூச்சை அளந்து அளந்து பேசிய பெண்ணுக்கு மற்றவர் மூச்சு தப்புமா? கோபத்தில் வரும் மூச்சு இல்லை இது. பார்வை கீழே போனது. நாத்தனாரின் பாதங்கள் உப்பி, செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது.

"எத்தனை மாடி ஏறி வந்தீங்க அண்ணி?"

"ஒரு மாடிதான்." நாத்தனார் கையால் விசிறிக்கொண்டாள். "வயசாச்சில்ல. உடம்பு வேற போட்டுருச்சு. அதை விடு. நீ எப்படி இருக்க?"

"ராத்திரி தூங்குறீங்களா?"

"என்ன நீ, டாக்டராட்டம் கேக்குற?"

"படுத்தா மூச்சு முட்டுதா அண்ணி?"

நாத்தனார் சிரிக்கப் பார்த்தாள். எப்போதும் கை கொடுக்கிற சிரிப்பு அன்று கை கொடுக்கவில்லை. பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, உரிக்காமல், கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். "படுக்கிறதே இல்ல," என்றாள் தணிந்த குரலில். "தலையணையை அடுக்கி வச்சுச் சாய்ஞ்சுக்கிறேன். உங்க அண்ணன் கேட்டா முதுகுவலின்னு சொல்லிடுறேன்."

"எப்போலேர்ந்து?"

"பேரன் பொறந்தநாளுக்கு முன்னாடியே."

மைக்கம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"நீ குடத்தை வச்சுட்டு உட்கார்ந்தப்போ எனக்குக் குலை நடுங்கிப் போச்சு," என்றாள் நாத்தனார். "அடுத்தது நான்தான்னு நினைச்சேன். நீ ஒண்ணுமில்லைன்னு திரும்பி வந்தியா, அப்பாடா, அப்போ எனக்கும் ஒண்ணுமில்லைன்னு ஒரு தெம்பு. அந்தத் தெம்புலதான் அப்படி ஆடினேன். அதுக்கப்புறம் என் மூச்சைப் பத்தி நான் யாருகிட்ட சொல்றது? உன்னை வச்சு அவ்வளவு சிரிச்சிட்டு?"

மைக்கம்மாவுக்குள் ஒன்று துள்ளியது. அதை அவள் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. அது இரக்கம் இல்லை. வேணும், நல்லா வேணும் என்ற துள்ளல். நெஞ்சில் கை வைத்து, கண்ணை மேலே சொருகி, சுவரில் சரிந்து காட்டவேண்டும்போல இருந்தது. ஒரு வருடமாகப் பட்ட பாட்டுக்கு ஒரே ஒருமுறை. நாத்தனார் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் தோள்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் உயர்ந்து உயர்ந்து இறங்கின. அதைப் பார்த்துக்கொண்டே தனக்கு அப்படித் தோன்றியதே என்று மைக்கம்மாவுக்கு முகம் சுட்டது. இந்த ஒரு வருடத்தில் அவள் வெட்கப்பட்ட அத்தனைக்கும் பிறர்தான் காரணம். இதற்கு அவள்தான்.

கட்டிலை விட்டு இறங்கினாள். "எழுந்திருங்க அண்ணி."

"எங்க?"

"டாக்டரைப் பாக்கத்தான்."

"ஐயோ, வேண்டாம். உன்னைப் பாக்க வந்த இடத்துல இது என்ன கூத்து? இன்னொரு நாள் நிதானமா வந்து..."

"இது இன்னொரு நாளைக்கு வைக்கிறது இல்ல அண்ணி. படுக்க முடியலைன்னா நாள் பாக்கக்கூடாது."

வார்டு நர்ஸிடம் சொன்னாள். சக்கர நாற்காலி வந்தது. அதைப் பார்த்ததும் நாத்தனார் பின்வாங்கினாள். நடந்தே வருகிறேன் என்றாள். நாலு பேர் பார்ப்பார்கள் என்றாள். மைக்கம்மா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். நடைகூடத்தில் போகும்போது நாத்தனார் தலையை மார்பில் புதைத்துக்கொண்டாள்.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்துக் கேட்டார்; மறுபடி முன்னால் வைத்து நெடுநேரம் கேட்டார். கணுக்காலில் விரலால் அழுத்தினார். விரலை எடுத்தபின்னும் குழி அப்படியே இருந்தது. "எவ்வளவு நாளா?" என்றார்.

"ஒரு வாரமா," என்றாள் நாத்தனார்.

நாத்தனார் ஓரக்கண்ணால் மைக்கம்மாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றாள்.

வால்வு ஒன்று சரியாக மூடவில்லை என்றும் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றும் சொன்னார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பேச்சே வேறாக இருந்திருக்கும் என்றார்கள். முதலில் நீரை இறக்க மருந்து. வால்வைப் பற்றிப் பிறகு முடிவு செய்யலாம். அப்போதே படுக்கை போட்டு, மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் மாட்டினார்கள். குழாயோடு நாத்தனாரின் முகம் சின்னதாகிவிட்டது. "வீட்டுல இப்போதைக்கு யாருக்கும் சொல்லாதே," என்றாள்.

"அண்ணனுக்குச் சொல்லணும் அண்ணி. அவருக்கு மட்டும் சொல்றேன்."

நடைகூடத்துக்கு வந்து செல்போனை எடுத்தாள். திரையில் குடும்பக் குழுதான் முதலில் திறந்தது. நேற்றைய ஒலிப்பதிவு அதில் இன்னும் கிடந்தது, கீழே ஒரு சொல்லும் இல்லாமல். அண்ணியை அட்மிட் பண்ணியிருக்கிறார்கள் என்று ஒரு வரி போட்டால் போதும், அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். தெரியவேண்டியதுதானே என்று விரல் அரித்தது. பாதிவரை எழுதியும்விட்டாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, நாத்தனாரின் கணவரை அழைத்தாள்.

"அண்ணே, அண்ணியை இங்க ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. இதயத்துல வால்வு கோளாறு. மூச்சு வாங்குறாங்க."

மறுமுனையில் அவர் சிரித்தார். கெட்ட எண்ணமில்லாத, சாப்பாட்டு நேரத்துச் சிரிப்பு. "உன்னைப் பாக்கத்தானே போனா? உன்னைப் பாத்துட்டு அவளும் ஆரம்பிச்சிட்டாளா?"

அந்தச் சிரிப்பு முடியும்வரை அவள் பொறுத்தாள். கண்ணாடிக் கதவுக்குள்ளே நாத்தனார் சாய்ந்து உட்கார்ந்தபடி இவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தப் பக்கம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று தெரிந்தவள்போல.

"சிரிக்காதீங்கண்ணே," என்றாள் மைக்கம்மா. "அவங்க மாத்துப் புடவையும் கண்ணாடியும் எடுத்துட்டுக் கிளம்புங்க. நீங்க வர்றவரைக்கும் நான் பக்கத்துல இருக்கேன்."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு, கதவைத் தள்ளி உள்ளே போனாள்.

"என்ன சொன்னாரு?" என்றாள் நாத்தனார்.

"வர்றேன்னு சொன்னாரு," என்று சொல்லிவிட்டு, போர்வையை இழுத்து அந்த வீங்கிய பாதங்களை மூடினாள்.